‘எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?’ என்று கேட்பவருக்கு மாடல் பெயர்தான் பதிலா?

கம்பிச்சுருள்:

நண்பர்களே, நம் ஆடியோ ஃபோரத்தில் நடப்பதைப் பொதுவில் பேசியே ஆகணும். புதிதாக ஒருவர் வந்து “பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர் சொல்லுங்க” என்று ஒரு வரி போட்டால், மளமளவென்று மாடல் பெயர்கள் விழுகின்றன. பெரும்பாலும் அவரவர் வீட்டில் இருப்பதன் பெயர். கேட்டவரின் அறை எவ்வளவு, எத்தனை மீட்டர் தள்ளி உட்காருவார், கையில் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறதா, ஒருவரும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் சொன்ன இருவருக்குள் சண்டை. கேட்டவர் அதற்குள் கிளம்பிவிட்டிருப்பார்.

பெயர் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஐந்து விஷயம்தான். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் எத்தனை மீட்டர். ஸ்பீக்கர் எங்கே உட்காரப்போகிறது, ஸ்டாண்டிலா, மேசையிலா, சுவரோடு ஒட்டிய அலமாரியிலா. ஏற்கனவே கையில் என்ன இருக்கிறது. பாட்டு எதிலிருந்து வருகிறது, ஃபோனா டிவியா கம்ப்யூட்டரா ரெக்கார்ட் பிளேயரா. கடைசியாக, சொல்லும் பட்ஜெட்டில் ஆம்ப், வயர், ஸ்டாண்ட் எல்லாம் அடக்கமா.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால்தான் அதிகம் அடிபடுகிறது. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்கும் வகை, இல்லாத வகை என்று இரண்டு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மொத்தப் பணத்தையும் ஆம்ப் இல்லாத ஜோடியில் போட்டுவிட்டு, “ஃபோனை இதில் எங்கே சொருகுவது?” என்று வந்து நிற்பார்கள்.

“எந்த மாதிரிப் பாட்டு கேட்பீங்க?” என்ற கேள்வியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். வயலினுக்கு ஒரு ஸ்பீக்கர், டிரம்முக்கு ஒரு ஸ்பீக்கர் என்று பிரிக்கத் தேவையில்லை. எவ்வளவு சத்தமாகக் கேட்பார், பாஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு ஆழம் வேண்டும், இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

ஊசிமுனை:

ஐந்து கேள்வியும் சரி. ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் வரிசையாகப் போட்டால் அது விசாரணை மாதிரி இருக்கும். புதியவருக்கு அதில் பாதிக்கு விடை தெரியாது, தெரியாததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு ஆளே காணாமல் போவார்.

முதலில் எதையாவது கொடுங்கள், பிறகு கேளுங்கள். இப்படி: “ஆம்ப் எதுவும் இல்லை, மேசையில் கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் 4 அல்லது 5 அங்குல வூஃபர் (பாஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள, ஆம்ப் உள்ளடங்கிய ஜோடி போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஹாலில் 3 மீட்டர் தள்ளி உட்காருவீர்கள் என்றால் பதில் மாறும். உங்களுடையது எது?” இதில் அவருக்கு ஒரு வழியும் கிடைத்துவிட்டது, தன் நிலைமையில் எது முக்கியம் என்றும் புரிந்துவிட்டது. அடுத்த பதிலில் மீதி விவரம் தானாக வரும்.

கையில் இருப்பதைப் பற்றிக் கேட்கும்போது மாடல் எண்ணை டைப் செய்யச் சொல்லாதீர்கள். பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்கள். எந்த சாக்கெட்டில் எது சொருகியிருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துபோகும்.

ஓம்விதி:

தூரம் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 85 டெசிபல். கேட்பவர் 2.5 மீட்டரில். தூரத்தால் 8 டெசிபல் குறையும் (அறைக்குள் எதிரொலி இருப்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இழப்போம், பாதுகாப்புக்கு முழுதாகவே கழிப்போம்). இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட்டிலேயே காதில் 80 டெசிபல். வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் சராசரி 70 முதல் 75. பாட்டில் திடீரென்று எகிறும் இடங்களுக்குச் சராசரிக்கு மேல் 20 டெசிபல் ஒதுக்கினால் 95 வேண்டும். 80இலிருந்து 95க்குப் போக 15 டெசிபல், அதாவது 32 மடங்கு. 32 வாட். அவ்வளவுதான்.

அதே இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால் 6 வாட்டில் வேலை முடிந்தது. 50 வாட் ஆம்பைத் தூக்கிவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. “வாட் பத்தாது, பெரிய ஆம்ப் வாங்கு” என்று சொல்லும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. சில கம்பெனிகள் 1 வாட் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். ஸ்பீக்கரின் மின்தடை ஓமில் குறிக்கப்படும்; 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 88 டெசிபல் என்று போட்டிருந்தால் 85 என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

இதையெல்லாம் புதியவர் தலையில் கொட்டச் சொல்லவில்லை. கணக்கை நாம் போட்டுக்கொண்டு “உங்கள் அறைக்கு 30, 40 வாட் தாராளம்” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எப்படி வந்தது என்று கேட்டால் அப்போது விரித்துச் சொல்லலாம்.

பழையவால்வு:

எல்லாம் சரி தம்பிகளா. வாரா வாரம் ஒரே கேள்வி. தேடிப் பார்க்கிற பொறுமை ஒருத்தருக்கும் இல்லை. கைக்கு அடங்குகிற ஆம்பை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்து “100 வாட்டுன்னு போட்டிருக்கு, சத்தம் கூட்டினா கரகரங்குது” என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? தூக்கிப் போடு, காசு சேர்த்துக்கிட்டு உருப்படியா ஒண்ணு வாங்கு. இதுதான் நேர்மையான பதில். இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவது நல்லதா?

மீட்டர்வாசகி:

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கையடக்க ஆம்ப்களில் பலவற்றில் டிபிஏ3116 சிப்தான். நல்ல சிப். 4 ஓமில், 21 வோல்ட் சப்ளையில், ஒரு சேனலுக்கு 50 வாட் வரை போகும். அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) எடுத்த எண். கூட வருவது எந்த அடாப்டர் என்று யாராவது கேட்டோமா? 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் வெளியே வரக்கூடிய உச்சமே 12 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 12 × 12 ÷ 16, அதாவது 9 வாட். சிப்பில் விழும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறைவு. அதற்கு மேல் வால்யூம் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படும், கரகர என்பது அதுதான்.

பதில் “தூக்கிப் போடு” அல்ல. “அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது? 12 என்றால், ஆம்பின் மேல் 24 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தால் 24 வோல்ட், 4 அல்லது 5 ஆம்பியர் அடாப்டர் மாற்றுங்கள்.” வாட் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபல். பாதிப் பேருக்குப் புது ஆம்பே தேவைப்படாது.

அப்படியே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். இந்த வகை ஆம்பில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை பூமி (எர்த்) இல்லை, அதிலும் சிக்னல் ஓடும். இரண்டு சேனலின் கறுப்பு வயரையும் ஒன்றாக முறுக்கினாலோ, ஸ்பீக்கர் முனையிலிருந்து இன்னொரு ஆம்பின் லைன் இன்புட்டுக்கு இழுத்தாலோ சிப் போய்விடும். புதியவர் கேட்கத் தெரியாத இடம் இது. அனுபவம் உள்ளவர் வாயைத் திறக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஊசிமுனை:

“காசு சேர்த்துக்கிட்டு வா” என்பதில் இன்னொரு பிரச்சினை. எதற்குச் சேர்க்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. இருப்பதை ஒழுங்காக வைத்துக் கேட்டுப் பார்த்தால்தான் குறை எங்கே என்று தெரியும். செலவே இல்லாமல் செய்யக்கூடியதை முதல் பதிலிலேயே கொடுக்கலாம்.

முதலில் துருவம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பாஸ் மெலிந்துபோகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவியிருப்பார். சந்தேகமாக இருந்தால், ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை அந்த முனைகளில் ஒரு நொடி தொடச் சொல்லுங்கள். பாசிட்டிவ் சிவப்பில் பட்டால் வூஃபர் வெளியே தள்ள வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒரே திசையில். வூஃபரைத்தான் பார்க்கணும், உயர்ந்த ஒலி தரும் சின்ன ட்வீட்டரை அல்ல.

வயரை உரிக்கும்போது 10 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் உரித்தால் ஒற்றை இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டு ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். “ஆம்ப் அடிக்கடி ஆஃப் ஆகுது” என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இழையைத்தான்.

பிறகு இடம். ட்வீட்டர் காது உயரத்தில், இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சேர்ந்து கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். ஒன்று மூலையில், ஒன்று திறந்த கதவுப் பக்கம் என்று வைத்துவிட்டு, “லெஃப்ட் ஸ்பீக்கர் பழுது” என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குறை அதே பக்கத்தில் நின்றால் அறையோ ஆம்போ, பெட்டியோடு நகர்ந்தால்தான் ஸ்பீக்கர்.

ஓம்விதி:

பாஸ் பற்றி ஒரு சேர்க்கை. “பாஸே இல்லை” என்பவருக்கு உடனே சப்வூஃபர் (பாஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) பரிந்துரைப்பது நம்மிடம் பெரிய வியாதி. அறை நீளம் கேளுங்கள். ஒலியின் வேகமான 343ஐ (நொடிக்கு மீட்டர்) நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறையே சேர்ந்து முழங்கும் முதல் அதிர்வெண். 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸ். அந்த அலைக்கு அறையின் நட்டநடுவில் சத்தமே இருக்காது, சுவரோரம் இரட்டிப்பாக இருக்கும். நாற்காலியைச் சரியாக நடுவில் போட்டவருக்கு எத்தனை சப்வூஃபர் வாங்கினாலும் அந்தக் குழி நிரம்பாது. அரை மீட்டர் பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

பின்சுவரும் விளையாடும். ஸ்பீக்கரின் முகத்திலிருந்து சுவர் 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், 1 மீட்டர் என்றால் 86இல். அதனால்தான் பத்து சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஆண் குரலின் கனம் மாறுகிறது.

புதுக்காது:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், கேட்கத் தயக்கம். இந்த உரையாடலைப் பார்த்துத்தான் துணிந்தேன். ரெக்கார்ட் பிளேயர் ஒன்று வாங்கி, ஆம்பில் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய சாக்கெட்டில் கொடுத்திருக்கிறேன். வால்யூம் முழுக்க வைத்தாலும் கொசு பாடுகிற மாதிரிதான் வருகிறது. பாஸ் சுத்தமாக இல்லை. ஊசி மாற்ற வேண்டுமா? ஆம்பின் பெயர், பிளேயரின் பெயர் வேண்டுமா? தப்பான இடத்தில் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

பழையவால்வு:

தம்பி, பிளேயரோடு வந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) எல்லாம் சுமார் ரகம்தான். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று போடு, எலிப்டிகல் ஊசி…

ஊசிமுனை:

அண்ணா, ஒரு நிமிஷம். கார்ட்ரிட்ஜ் கடைசியில்.

புதுக்காது, மன்னிப்பெல்லாம் எதற்கு, அறிகுறியைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். ‘சத்தம் மெலிசு, பாஸ் இல்லை’, இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டும். ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைவிட நூறு மடங்கு. போதாததற்கு, ரெக்கார்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை)த் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ 1954இல் வகுத்த அளவுப்படி 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு. ஃபோனோ ப்ரீ-ஆம்ப் என்ற சுற்றுதான் சத்தத்தையும் தூக்கும், இந்தச் சாய்வையும் நிமிர்த்தும். உங்கள் இணைப்பில் அது இல்லை.

பிளேயரின் பின்பக்கம் ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அதை லைனுக்குத் தள்ளுங்கள். ஆக்ஸிலேயே இருக்கட்டும். ஸ்விட்ச் இல்லை, ஆனால் ஆம்பில் ‘ஃபோனோ’ என்று எழுதிய சாக்கெட் இருக்கிறது என்றால் அங்கே மாற்றிக் கொடுங்கள். இரண்டும் இல்லை என்றால் மட்டும் தனி ஃபோனோ ப்ரீ-ஆம்ப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஸ்விட்ச் லைனிலும் வயர் ஃபோனோ சாக்கெட்டிலும் இருக்கக் கூடாது. இரண்டு தடவை பெருக்கப்பட்டு, உடைந்து, பாஸ் குமுறும்.

புதுக்காது:

ஸ்விட்ச் இருந்தது! ஃபோனோவில் இருந்தது. லைனுக்குத் தள்ளியதும் முழுச் சத்தம் வந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஆனால் இப்போது பாட்டு ஓடாதபோதும் “ம்ம்ம்” என்று ஒரு இரைச்சல். அப்புறம், ‘ஸ’ வரும் இடங்களில் சீறுகிறது, ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் ரொம்ப மோசம். இது சகஜமா?

மீட்டர்வாசகி:

இரைச்சலுக்கு: பிளேயரிலிருந்து மெல்லிய தனி வயர் ஒன்று, நுனியில் முள்கரண்டி மாதிரி தகடுடன், தொங்குகிறதா? அதை ஆம்பின் பின்னால் ‘ஜிஎன்டி’ என்ற திருகில் மாட்டுங்கள். அந்த வயரே இல்லை என்றால், பிளேயரை ஆம்பின் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ எடுத்து அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கார்ட்ரிட்ஜில் 50 ஹெர்ட்ஸைத் தூவும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஆம்பில் சொருகியிருக்கும் ஆர்சிஏ பிளக்கையும், கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு சின்ன வயர்களையும் பாருங்கள்: வெள்ளை, நீலம் இடது பக்கம், சிவப்பு, பச்சை வலது பக்கம். ஒன்று தளர்ந்திருந்தாலே போதும். மின் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தால் சரியாகும் என்று எங்காவது படித்தால் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.

சீறலுக்கு: கடைசிப் பாட்டில் மோசம் என்றால் ஊசியின் எடையைத்தான் முதலில் பார்க்கணும். ரெக்கார்டின் உள்வட்டத்தில் தடம் நெருக்கமாக வளையும், எடை குறைந்தால் ஊசி அங்கே ஒழுங்காகப் பதியாது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நீளமான கையின் (டோன்ஆர்ம்) பின்னால் திருகும் எடை இருக்கிறதா, கார்ட்ரிட்ஜில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?

புதுக்காது:

மூன்று வயர் சேர்ந்து வருகிறது அக்கா, மூன்றாவதை எதில் மாட்டுவது என்று தெரியாமல் சுருட்டி வைத்திருந்தேன். மாட்டியதும் இரைச்சல் போய்விட்டது. திருகும் எடை இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் ‘ஆர்டஃபோன் 2எம் ரெட்’ என்று இருக்கிறது.

மீட்டர்வாசகி:

அதற்கு 1.8 கிராம். 1.6 முதல் 2.0 வரை அனுமதி. இந்த வரிசையிலேயே செய்யுங்கள்:

டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் ஆன்டி-ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஊசியின் மூடியைக் கழற்றிவிடுங்கள், மூடியோடு சமன் செய்தால் எண் தப்பாகும். டோன்ஆர்ம் கையைக் கொக்கியிலிருந்து விடுவித்து, விரலால் தாங்கியபடி தட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள், ஊசி எதையும் தொடக் கூடாது. பின் எடையைத் திருகத் திருக ஒரு கட்டத்தில் கை மேலும் போகாமல் கீழும் விழாமல் கிடைமட்டமாக மிதக்கும். அங்கே நிறுத்தி, கையைக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். இப்போது எடையின் முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள், எடை அசையாமல் பிடித்துக்கொண்டு. இங்கேதான் எல்லோரும் சறுக்குவது: எடையும் சேர்ந்து சுழன்றுவிடும். அப்படியானால் திரும்ப மிதக்கவைப்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்தே 1.8 வரை திருகுங்கள். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள்.

குறைவான எடை ரெக்கார்டுக்கு நல்லது என்று நினைத்து 1.2இல் வைப்பவர்கள் உண்டு. ஊசி தடத்தில் துள்ளித் துள்ளி விழுவதுதான் ரெக்கார்டைக் கிழிக்கும்.

பழையவால்வு:

சரிதான். ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லியிருக்கணும், ஊசியில் குதித்துவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதுசாக வருபவர்களுக்கு நீங்களெல்லாம் புதுப் பொருள் மட்டுமே சொல்கிறீர்கள். அதே காசுக்குப் பழைய ஸ்பீக்கர் இரண்டு படி மேலே கிடைக்கும்.

கம்பிச்சுருள்:

கிடைக்கும் சார், மறுக்கவில்லை. ஆனால் “பழசு வாங்கு” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பார்த்து வாங்கத் தெரிந்த நமக்குத்தான் அது லாபம். சரிபார்க்கும் முறையையும் கையோடு கொடுத்தால் நியாயம்.

பழையவால்வு:

கொடுக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பார். ஃபோம் என்றால் விரல் நுனியால் லேசாகத் தொடு. பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ ஆயுள் முடிந்தது. விளிம்பு மாற்றலாம், அந்தச் செலவைக் கழித்துப் பேசு. கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே தள்ளு. உரசும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கோணல், விட்டுவிடு. ட்வீட்டர் பக்கம் காதை வைத்துக் கேள், இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வரணும். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் ஓம் பார்: 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், அது கோளாறு இல்லை. இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டணும். அதுதான் முக்கியம்.

ஆம்ப் என்றால்: சுவிட்சு போட்டதும் சில நொடியில் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் ஸ்விட்ச்) ‘டிக்’ என்று கேட்கணும் (ரிலே உள்ள மாடலில்). பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் மாட்டாமல், வெளியீட்டில் டிசி மில்லிவோல்ட் பார். 50க்குக் கீழே நல்லது. அரை வோல்ட் காட்டினால் அதில் ஸ்பீக்கரை மாட்டாதே. வால்யூம் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருகினால் பெரும்பாலும் போகும். மீட்டர் இல்லாத பிள்ளைகள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அலைமுகடு:

இதையே தனிப் பதிவாகப் போடுங்கள் சார், தங்கம்.

என் பங்குக்கு வயர். புதியவர் “எந்த ஸ்பீக்கர் வயர் வாங்கலாம்” என்று கேட்டால் இங்கே உலகப்போரே வருகிறது. அவருக்கு வேண்டியது ஒரு எண். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போனால், போய்வர மொத்தத் தடை 0.11 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.12 டெசிபல், காதுக்குத் தெரியாது. அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் மெலிசு வயரைப் போட்டு, ஸ்பீக்கரும் 4 ஓமாக இருந்தால் 0.7 டெசிபல் போகும், அது கவனிக்கத்தக்கது. ஆகவே 1.5 போதும், 4 ஓம் என்றாலோ 10 மீட்டர் என்றாலோ 2.5. செம்பு பூசிய அலுமினியத்துக்குத் தடை அதிகம், ஒரு அளவு தடிமனாக எடுக்கணும். இதோடு நிறுத்திவிடலாம். வெள்ளி நல்லதா, உறைக்கு ஒலி உண்டா என்பதையெல்லாம் நமக்குள் வேறு இடத்தில் அடித்துக்கொள்வோம்.

நமக்குள் அடித்துக்கொள்ளும்போதும் ஒழுங்காக: ஒப்பிடும் இரண்டு பொருளின் சத்தமும் 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்கணும். ஸ்பீக்கர் முனையில் 200 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்து ஏசி வோல்ட் பார்த்தால் 2.00க்கு 2.02, அதற்கு மேல் வித்தியாசம் கூடாது. பார்க்காமல் கேட்டு, ஓடுவது எது என்று 16 தடவையில் 12 தடவை சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கில் அடித்ததாக இருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பார்க்காமலும் கேட்கவைத்தபோது, பழக்கப்பட்ட காதுகளின் மதிப்பெண்களே மாறின. எனவே “இது சூப்பர்” என்று புதியவரிடம் சொல்லும்போது, அளந்து சொல்கிறோமா, வீட்டில் கேட்டுச் சொல்கிறோமா, எங்கோ படித்ததா என்று ஒரு சொல் சேர்த்தால் நல்லது.

ஓம்விதி:

ஹெட்ஃபோன் கேள்விகளும் இப்படித்தான். “ஆம்ப் வேணுமா?” என்று கேட்டால் எல்லோரும் “வேணும்”. சோதனை எளிது: இப்போது வைத்திருப்பதில், சத்தம் குறைவாகப் பதிவான பாட்டொன்றை ஃபோனில் முக்கால் வால்யூமில் வைத்துப் போதுமான சத்தம் வந்தால் வேண்டாம். முழுக்க வைத்தும் பத்தவில்லை என்றால்தான் பேச்சே. ஓம் எண்ணை மட்டும் பார்த்துப் பயமுறுத்தாதீர்கள். 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் தரும் சின்ன யுஎஸ்பி டிஏசியே (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) 4 மில்லிவாட் கொடுத்துவிடும், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றால் 102.

எதிர்த்திசையிலும் பாருங்கள். ஆம்பின் வெளியீட்டுத் தடை ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கணும். 16 ஓம் இயர்ஃபோனைப் பழைய ரிசீவரின் ஹெட்ஃபோன் ஓட்டையில் மாட்டி “ஒலி விநோதமா இருக்கு” என்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் அங்கே இருக்கிறது.

ஆம்ப் சிபாரிசு செய்யும்போது காதையும் நினையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 என்றால் 5 மணி நேரம்தான்.

கம்பிச்சுருள்:

டிவிக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், அடிக்கடி வருவதால். “ஆப்டிகல் வயர் போட்டும் டிஏசியில் சத்தமே வரல” என்றால் டிஏசி கெட்டுப்போகவில்லை. டிவி செட்டிங்ஸில் டிஜிட்டல் வெளியீடு ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’வில் இருக்கும். ‘பிசிஎம்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

புதுக்காது:

எடை சரிசெய்துவிட்டேன். இரண்டு தடவை வளையத்தோடு எடையும் சுற்றிவிட்டது, நீங்கள் எழுதியிருந்ததால் பயப்படவில்லை. கடைசிப் பாட்டில் சீறல் நன்றாகக் குறைந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஸ்பீக்கரின் பின்பக்கம் ஓட்டை இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் 8 சென்டிமீட்டர்தான், அதற்கு மேல் இடமே இல்லை. பாஸ் இப்போது கொஞ்சம் குமுறுகிறது. வேறு ஸ்பீக்கர்தான் வாங்கணுமா?

ஊசிமுனை:

வேண்டாம். அந்த ஓட்டைக்குப் பெயர் போர்ட். ஸ்பீக்கரோடு ஃபோம் அடைப்பான் இரண்டு வந்திருக்கும், பெட்டியில் தேடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டி, உள்ளே விழுந்துவிடாத அளவு தடிமனாகச் சொருகுங்கள். ஆழமான பாஸ் கொஞ்சம் குறையும், குமுறல் அதைவிட அதிகமாகக் குறையும். ஒன்றில் மட்டும் அடைக்காமல் இரண்டிலும் ஒரே மாதிரி. முழுக்க அடைத்தது வறட்சியாகத் தோன்றினால் பாதி மட்டும் அடைத்துக் கேளுங்கள்.

பழையவால்வு:

துவைத்த சாக்ஸ் தம்பி.